முன்னால் போன சக்கரம்

பேய் என்றால் அமாவாசை, நள்ளிரவு, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பவர்கள் இதைப் படித்து ஏமாந்து போவார்கள். இது நடந்தது பட்டப்பகலில். 1958ஆம் வருஷம் மே மாதம் பதினான்காம் தேதி, புதன்கிழமை, அக்கினி நட்சத்திரம் கொளுத்திக் கொண்டிருந்த நேரம். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற சாலை. எந்த இடத்தில் எத்தனை மணி என்றுகூடச் சொல்ல முடியும். லுக்மான் கையில் கடிகாரம் கட்டியிருந்தான், அன்றைக்கு அதைப் பார்ப்பதைத் தவிர அவனுக்கு வேறு வேலை இருக்கவில்லை. பெயர் வாங்குவதற்காகக் கட்டிவிட்ட கதை என்று யாராவது நினைக்கலாம். இதனால் அவனுக்கு நல்ல பெயர் கிடைத்தது உண்மைதான். அந்த நல்ல பெயரைத்தான் அவனால் கடைசிவரை தாங்க முடியவில்லை.

லுக்மானுக்கு அப்போது இருபத்தாறு வயது. காஞ்சிபுரம் கடைத்தெருவில் அவன் அத்தா பீர் முகம்மது வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பையன் பிறந்ததிலிருந்து பார்த்தது சக்கரமும் செயினும்தான். வண்டி தெருமுனை திரும்பும்போதே, எந்த வண்டி, அதற்கு என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான்.

அந்தச் சைக்கிள் பயணத்தில் கூடப் போனவர் ஜெகந்நாதன், பள்ளிக்கூட டிரில் மாஸ்டர். கோயிலுக்குப் பூத் தொடுக்கிற குடும்பத்தில் முதல்முதலாக உத்தியோகத்துக்குப் போனவர். லுக்மானைவிட ஐந்து வயது பெரியவர். ஆனாலும் இரண்டு பேரும் ஒரே பீடியைப் பங்கு போட்டுப் பிடிக்கிற அளவுக்குச் சினேகம். மாஸ்டர் அவனைப் 'பாய்' என்பார், அவன் அவரை 'மாஸ்டர்' என்பான்.

கன்னியாகுமரிவரை சைக்கிளில் போய்த் திரும்புவது என்று கிளம்பினார்கள். லுக்மானுக்கு ஆசை, பேப்பரில் பெயர் வரும் என்று. மாஸ்டருக்கு அந்த ஆசையெல்லாம் இல்லை. அவருக்கு வீட்டைவிட்டு எங்கேயாவது போனால் போதும் என்று இருந்தது. போன ஐப்பசியில் அவருடைய இரண்டு வயதுக் குழந்தை மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டது. அன்றிலிருந்து அவரும் அழவில்லை, அவர் மனைவி ஜலஜாவும் அழவில்லை. சோறு வைக்கட்டுமா, தண்ணீர் வேண்டுமா, அவ்வளவுதான் பேச்சு. ஒரே வீட்டில் இரண்டு பேரும் மரக்கட்டைபோல நடமாடினார்கள். பயணத்தில் இருபத்தொரு நாள் ஆகியும் மாஸ்டர் வீட்டுக்கு ஒரு கார்டுகூடப் போடவில்லை.

இருபத்திரண்டாவது நாள், கடைசி நாள். உத்திரமேரூரில் நாஷ்டா சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழட்டும் என்று லுக்மான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். மாஸ்டர் கேட்கவில்லை. பதினெட்டு மைல்தானே என்றார். பெடலில் காலை வைத்தவர் இறங்கி அவன் பக்கத்தில் வந்தார்.

"பாய், வூட்டுக்குப் போனதும் ஜலஜாகிட்ட ஒண்ணு சொல்லணும். தனியா சொல்ல என்னால ஆவாது. நீ கூட இரு."

"இன்னா மாஸ்டர் அது?"

"ஆத்தாண்ட போயி குந்திக்கினு சொல்றேன். இங்க வாணாம்."

குழந்தை போன பிறகு அவர் தானாக வாயைத் திறந்து இப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. லுக்மான் வேறெதுவும் கேட்கவில்லை. ஆற்றங்கரை அங்கிருந்து எட்டு மைல் தூரத்தில்தான் இருந்தது.

இவர்கள் வண்டி ஓட்டுகிற முறையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். டிரில் மாஸ்டர் அல்லவா, எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார். முன்னால் போகிறவன் காற்றை உடைத்துக்கொண்டு போகிறான், அதனால் அவன் வண்டியில் பாரம் கூடாது. படுக்கைச் சுருள் ஒன்று மட்டும். தண்ணீர், ரிப்பேர் சாமான் எல்லாம் பின்னால் வருகிறவன் வண்டியில். பின்னால் வருகிறவன் ஒரு முழம் தள்ளி, சற்று வலப்பக்கம் ஒதுங்கி, முன்வண்டியின் பின்சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வர வேண்டும். தலையைத் தூக்கக் கூடாது. பேசக் கூடாது, வாய் உலர்ந்துவிடும். ஐந்து மைலுக்கு ஒரு தடவைதான் நிற்பது, தண்ணீர் குடிப்பது. நடுவில் நிற்க வேண்டுமானால் முன்னால் போகிறவன் விசில் ஊதுவான். இந்தச் சட்டத்தால்தான் இரண்டு பேரும் எண்ணூறு மைலை ஒரு சண்டை இல்லாமல் கடந்தார்கள். அந்தச் சட்டம்தான் அன்றைக்குக் குடியைக் கெடுத்தது.

பதினொன்றே கால் மணிக்குக் கிளம்பினார்கள். மாஸ்டர் முன்னால். லுக்மான் பின்னால். அவன் கேரியரில் பட்டாளத்துத் தண்ணீர் பாட்டில் இரண்டு, ஈரச் சாக்கு சுற்றி, கழுத்துவரை தண்ணீர்.

சாலையில் ஈ காக்காய் இல்லை. இரண்டு பக்கமும் புளியமரம், அதற்கப்பால் அறுத்துப் போட்ட காய்ந்த வயல், பனைமரம். எதிர்க்காற்று அடுப்பைத் திறந்துவிட்டதுபோல வந்தது. லுக்மானுக்கு உள்ளங்கை இரண்டும் மரத்துப் போயிருந்தன. மூன்று நாளாகவே அப்படித்தான். கை மரத்து, பிறகு இடுப்பு மரத்து, அன்றைக்கு மனசும் மரத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஊர் வந்துவிட்டதே என்ற சந்தோஷம்கூட வரவில்லை. கால் தானாக மிதித்தது.

11.38. 'காஞ்சி 15' என்று மைல்கல். கடந்தார்கள்.

11.42. ஒரு விசில் சத்தம்.

அது மாஸ்டரின் விசில் மாதிரியே இருந்தது. ஆனால் பின்னால் கேட்டது. தூரத்தில், லேசாக. லுக்மான் கண்ணைச் சக்கரத்தில் வைத்தபடியே யோசித்தான். சக்கரம் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. மாஸ்டர் முன்னால் இருக்கிறார். பின்னால் எப்படி விசில் கேட்கும்? யாராவது மாடு மேய்க்கிறவன் சீட்டி அடித்திருப்பான் என்று விட்டுவிட்டான்.

இன்னொரு தடவை கேட்டது.

பிறகு கேட்கவில்லை.

11.48. ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. என்ன என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. கன்னியாகுமரியில் மாஸ்டரின் பின்சக்கரத்தில் ஒரு கம்பி தெறித்துவிட்டது. லுக்மான்தான் புதுக்கம்பி போட்டு, ஆடாமல் இருக்கச் செம்புக் கம்பியால் பக்கத்துக் கம்பியோடு சேர்த்துக் கட்டினான். அன்றிலிருந்து சுற்றுக்கு ஒரு தடவை 'டிக்' என்று சத்தம் வரும். டிக்... டிக்... டிக்... பதினோரு நாளாக அந்தச் சத்தத்தில்தான் அவன் பெடல் போட்டான்.

இப்போது அந்தச் சத்தம் இல்லை.

செயின் சத்தமும் இல்லை. டயர் சரளையில் நறநறக்கிற சத்தம் ஒரு வண்டிக்குத்தான் கேட்டது. அது அவன் வண்டி.

காது அடைத்துவிட்டது, வெயில்தான் என்று நினைத்துக்கொண்டான்.

11.53. 'காஞ்சி 13'. ஐந்து மைல் ஆகிவிட்டது, தண்ணீருக்கு நிற்க வேண்டிய இடம். சக்கரம் நிற்கவில்லை. எண்ணூறு மைலில் ஒரு தடவைகூட மாஸ்டர் இந்தக் கணக்கில் தவறியதில்லை.

"மாஸ்டர்!" என்றான். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. ஆற்றங்கரையில் நிற்கலாம் என்று நினைக்கிறார்போல என்று தொடர்ந்து மிதித்தான். வியர்வை நின்றிருந்தது. எதிர்க்காற்றும் நின்றிருந்தது. தாகம்கூட இல்லை. அது எப்படி இல்லாமல் போகும் என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை.

12.02. எதிரில் ஒரு மாட்டுவண்டி. மாடுகள் இரண்டும் திடீரென்று மிரண்டு, நுகத்தைத் தள்ளிக்கொண்டு ஓரத்துப் பள்ளத்தில் இறங்கின. வண்டிக்காரன் கயிற்றை இழுத்துப் பிடித்து, "ஏய்... ஹோ... ஹோ..." என்று அதட்டியது கேட்டது.

அதட்டிய குரல் லுக்மானைத் தாண்டும்போது சட்டென்று நின்றது.

12.10. சக்கரத்தில் வேறு ஒன்று தெரிந்தது.

ஓடுகிற சக்கரத்தில் கம்பிகள் தெரியாது. வெள்ளையாக, பனிமூட்டம்போல ஒரு வட்டம்தான் தெரியும். இந்தச் சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகத் தெரிந்தது. வண்டி போய்க்கொண்டிருந்தது. சக்கரம் சுற்றவில்லை.

பயந்து கத்தியிருக்க வேண்டும். அவன் கத்தவில்லை. கடையில் பழக்கம், கம்பியைப் பார்த்தால் எண்ணத் தோன்றும். எண்ணினான்.

பின்சக்கரத்துக்கு நாற்பது கம்பி. முன்சக்கரத்துக்கு முப்பத்திரண்டு. சின்னப் பையனாக இருந்தபோதே தெரிந்துகொண்ட கணக்கு.

முப்பத்திரண்டு.

தப்பாக எண்ணிவிட்டோம் என்று மறுபடி எண்ணினான்.

முப்பத்திரண்டு.

அப்படியானால்... இது முன்சக்கரம்.

அப்படியானால் அந்த வண்டி அவன் பக்கம் திரும்பியிருக்கிறது.

அதில் இருப்பவரும்...

அவனைப் பார்த்தபடி...

தலையைத் தூக்கக் கூடாது என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். அந்த ஏழு நிமிஷமும் லுக்மான் அந்தச் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். கால் மிதித்துக்கொண்டே இருந்தது. நிறுத்த நினைத்தான், நிற்கவில்லை.

12.17. தலையைத் தூக்கினான்.

ஒன்றும் இல்லை.

சாலை. வெயில். 'காஞ்சி 10' என்று மைல்கல். எதிரே காவாந்தண்டலம் பக்கத்துத் தோப்பு. கண்ணுக்கு எட்டினவரை ஒரு சைக்கிள் இல்லை. புழுதியில் ஒரு டயர்த் தடம்கூட முன்னால் இல்லை. திரும்பிப் பார்த்தான். பின்னால் ஒரே ஒரு தடம், அவனுடையது.

கால் தானாக நின்றிருந்தது; நின்ற இடத்திலேயே எதிர்க்காற்று மறுபடி முகத்தில் அடித்தது. தாகம் தொண்டையைப் பிடித்தது. அப்போதுதான் பின்னால் கேட்ட விசில் அவனுக்குப் புரிந்தது. தண்ணீர் முழுக்கத் தன் வண்டியில் இருக்கிறது என்பதும் புரிந்தது.

வண்டியைத் திருப்பினான். ஐந்து மைல். வழியில் அந்த மாட்டுவண்டியைத் தாண்டியது அரைகுறையாகத்தான் நினைவு. அல்லாவையும் மாஸ்டரையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டே மிதித்தான்.

சரியாக ஒரு மணி. பதினைந்தாவது மைல்கல்லுக்குச் சற்று இப்பால் ஒரு புளியமரம். அதன் அடியில் நுங்கு விற்கிற சிட்டம்மாள் என்ற பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாஸ்டர் படுத்திருந்தார். தலைக்குக் கீழே படுக்கைச் சுருள் பதமாக வைத்திருந்தது. சட்டைப் பித்தான்கள் கழற்றியிருந்தன. முகம், மார்பு எல்லாம் ஈரம். கண்கள் மூடியிருந்தன. மூடிவிட்டிருந்தார்கள்.

சிட்டம்மாள் அவனைப் பார்த்து எழுந்தாள்.

"வந்துட்டியா? வண்டி கெடைக்கலியா?"

லுக்மான் சைக்கிளை மரத்தில் சாய்த்தான்.

"உத்தரமேரூர் பக்கமில்ல போன? இந்தாண்டேர்ந்து வர்ற?"

"எப்போ... உசுரு..."

"இன்னாய்யா கேக்குற? இப்பத்தான. நீதான கண்ண மூடுன? மூடிட்டு, வண்டி பாத்துக்கினு வர்றேன்னு போன." அவனை மேலும் கீழும் பார்த்தாள். "உன்னையும் வெயிலு அடிச்சிருச்சு. குந்து."

அவன் உட்கார்ந்தான். அவள் சொல்லச் சொல்லக் கேட்டான். வெயில் தாங்காமல் மாஸ்டர் ஓரமாக வண்டியோடு சாய்ந்தார். பின்னால் வந்தவன் தலைகுனிந்தபடி அவரைத் தாண்டிப் போனான். அவர் விசில் ஊதினார். அவன் திரும்பவில்லை. அவள் கத்திப் பார்த்தாள், கேட்கவில்லை. அவர் இரண்டாவது தடவை ஊதினார்.

"அப்பத்தான் நீ திரும்பி வந்துட்டியே. நல்ல மனுசன்யா நீ. ஒரு மணி நேரம் மடியில வெச்சிக்கினு, தண்ணி ஊத்தி, விசிறிக்கினு... கூடப் பொறந்தவன்கூட செய்ய மாட்டான்."

"அவரு... எதுனா சொன்னாரா?"

"சொன்னாராவா? அரை மணி நேரம் உன் காதுல சொல்லிக்கினே இருந்தாரே. அழுதுக்கினு சொன்னாரு. நீ சரி சரின்னு தலைய ஆட்டிக்கினு இருந்த."

"இன்னா சொன்னாரு?"

சிட்டம்மாள் அவனை விசித்திரமாகப் பார்த்தாள். "உன் காதுல சொன்னதுக்கு என்னைக் கேட்டா?"

லுக்மான் எழுந்து தன் சைக்கிள் கேரியரில் கை வைத்தான். பாட்டில்களின் அடைப்பு இறுக்கமாகத்தான் இருந்தது. வாரும் அவன் கட்டினபடியே இருந்தது. ஆட்டிப் பார்த்தான். இரண்டிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

பத்து நிமிஷத்தில் அந்த மாட்டுவண்டி வந்து சேர்ந்தது. ஓட்டி வந்தவன் பெயர் வேதகிரி. சிட்டம்மாள் சொன்னதைக் கேட்டுவிட்டு அவன் தலையை ஆட்டினான்.

"இந்தாளு எப்படி இங்க இருந்திருப்பாரு? பன்னெண்டு மணிக்கு இவர நான் மூணு மைலுக்கு அந்தாண்ட பாத்தேனே. தனியா, குனிஞ்ச தல நிமிராம போய்க்கினு இருந்தாரு."

"போய்யா. என் கண்ணு முன்னால இங்கதான் குந்திக்கினு இருந்தாரு."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். ஒரே நேரத்தில் லுக்மானைப் பார்த்தார்கள். வேதகிரி மாஸ்டரையும் அவர் சைக்கிளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டான், சிட்டம்மாளும் ஏறிக்கொண்டாள். லுக்மானை ஏறச் சொல்லவில்லை, அவன் சைக்கிளில் பின்னால் போனான்.

உத்திரமேரூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டார். சிட்டம்மாள் சொன்னதையே அவரும் எழுதியிருந்தார். இறக்கும்போது நண்பர் உடனிருந்தார், தண்ணீர் கொடுத்தார், தன்னால் ஆனதைச் செய்தார். "சரியா?" என்று கேட்டார். லுக்மான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். உடன் இல்லை என்றால் எங்கே இருந்தாய் என்று கேட்பார்கள். யார் பின்னால் போனாய் என்று கேட்பார்கள். சரி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். எதிரே சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு. அதையும் எழுதச் சொன்னார், எழுதினான்.

மாஸ்டரைக் காலையில் லாரியில் அனுப்புவதாகச் சொன்னார்கள். செய்தி சொல்ல யாராவது போக வேண்டும். தன் சைக்கிளைப் பஸ்ஸின் மேலே ஏற்றிவிட்டு, கடைசி பஸ்ஸில் லுக்மான் தனியாகக் கிளம்பினான். வழியெல்லாம் ஒரே யோசனை. மாஸ்டர் போய்விட்டார் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஜலஜா அண்ணி அடுத்ததாக ஒன்று கேட்பாள். கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்பாள். ஆறு மாசமாக அந்த வீட்டில் பேசாமல் கிடந்த பேச்சு அது. அவருக்கு அதைச் சொல்ல ஒரே ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது, அதைக் கேட்டுக்கொள்ள வேண்டியவன் வேறொரு சக்கரத்தின் பின்னால் போய்விட்டான். ஏதாவது நல்லதாகக் கற்பனை செய்து சொல்லலாமா என்று பார்த்தான். ஒரு வார்த்தைகூட வரவில்லை. அழுகையும் வரவில்லை.

காஞ்சிபுரத்தில் மாஸ்டர் வீட்டுத் தெருவுக்கு வந்தபோது மணி எட்டு இருபது. வாசலில் பத்துப் பதினைந்து ஜோடிச் செருப்பு. உள்ளே விளக்கு எரிந்தது. பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஜலஜா. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. குழந்தை போனபோது அழாத ஜலஜா.

அவனைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன் மறுபடி வந்தே லுக்மான்? நீ போயி செத்த படு. காலையில நெறைய வேல கீது."

"அண்ணி... உங்களுக்கு யாரு சொன்னா?"

"இன்னா கேள்வி இது? நாலு மணிக்கு நீதான வந்து சொன்ன. இதே எடத்துல குந்திக்கினு."

லுக்மான் அவள் காட்டிய இடத்தைப் பார்த்தான்.

"அவரு சொன்னத ஒரு வார்த்த விடாம சொன்னியே," என்றாள் ஜலஜா. "அது போதும் எனக்கு. அத கேக்காம இருந்தா இன்னிக்கு ராத்திரி நானும் கெணத்துல வுளுந்திருப்பேன். உன்ன ஏழேழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்."

பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அவன் ஒரு அடி கிட்டே போனான். "அண்ணி... நான் இன்னா சொன்னேன்?"

ஜலஜா தலையை நிமிர்த்தினாள். அவன் முகத்தைப் பார்த்தாள். புழுதி படிந்த சட்டையைப் பார்த்தாள். கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து போனாள்.

"சொல்ல மாட்டேன்."

"அண்ணி..."

"யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினு போனான். அப்புறம் வாசப்படியில நின்னு திரும்பிப் பாத்து இன்னொண்ணு சொன்னான்." அவள் சுவர் ஓரம்வரை நகர்ந்திருந்தாள். "எட்டு மணிக்கு மேல என்னை மாதிரியே ஒருத்தன் வருவான் அண்ணி, அவன் கேட்டாலும் சொல்லாதீங்கன்னு."